கோழி அலைய வேண்டாம், கூடு நகரட்டும்!

(தொலைக்காட்சிக் கருத்தரங்கில் வழங்கப்பட்ட உரையின் எழுத்து வடிவம்)



தோட்டத்தில் பெரட்டு மணி அடிப்பதற்கு முன்பே சேவல் கூவிவிடும். அதைக் கேட்டு அடுப்பு எரியும். லயத்து வீட்டுக் கொல்லையில் தகரக் கூட்டின் கதவைத் திறந்துவிட்டால் கோழிகள் பால்மரக் காட்டுக்குள் ஓடும். பொழுது சாய்ந்ததும் யாரும் கூப்பிடாமலே திரும்பி வரும். பீடோங், செமிலிங், லூனாஸ், பாடாங் செராய் என்று கெடாவின் எந்தத் தோட்டத்தில் பிறந்து வளர்ந்தவரைக் கேட்டாலும் இந்தக் காட்சியைச் சொல்வார்.

அந்தக் கோழி வெறும் கோழி அல்ல. தோட்டத்துப் பெண்களின் சேமிப்பு வங்கி அது! கணவரின் சம்பளம் மளிகைக் கடைக் கணக்கில் கரைந்துவிடும். முட்டை விற்ற காசு மட்டும் அம்மாவின் முந்தானை முடிச்சில் இருக்கும். பிள்ளையின் பள்ளிச் சட்டைக்கும், திடீரென்று வரும் காய்ச்சலுக்கும் அந்த முடிச்சுதான் அவிழும். தோட்டத்து முனீஸ்வரருக்கு நேர்ந்துவிட்ட சேவலும் அதே கூட்டிலிருந்துதான் போகும். விருந்தாளி வந்தால் குழம்பும் அங்கிருந்துதான்.

பிறகு தோட்டங்கள் துண்டாடப்பட்டன. பால்மரம் போய் செம்பனை வந்தது. செம்பனை போய் வீடமைப்புப் பகுதி வந்தது. கூலிமில் 1996ஆம் ஆண்டு உயர் தொழில்நுட்பப் பூங்கா திறக்கப்பட்டது. சுங்கைப்பட்டாணியைச் சுற்றி ஒன்றன்பின் ஒன்றாகத் தாமான்கள் எழுந்தன. தோட்டத்து மக்கள் பட்டணத்து மக்களானார்கள். கூடவே கோழிகளும் வந்தன. வந்த இடத்தில்தான் வம்பு!

"அக்கா, உங்க கோழி எங்க வீட்டுப் பூச்சட்டியக் கிளறிப் போட்டுடுச்சு." முதல் நாள் சிரித்துக்கொண்டே சொல்வார்கள். இரண்டாம் முறை முகம் சிவக்கும். மூன்றாம் முறை நகராண்மைக் கழகத்துக்குப் புகார் போகும். கோழியை அடைத்து வைத்தால் ஒரே மாதத்தில் நாற்றமும் ஈயும் மொய்க்கும். அதற்கும் புகார்! கடைசியில் அந்த வீட்டு அம்மா கோழிகளை விற்றுவிட்டு, முட்டைக்கும் கடைக்கே நடக்கிறார்.

அவிழ்த்துவிட்டால் சண்டை, அடைத்து வைத்தால் நாற்றம் என்ற இந்தச் சிக்கலுக்கு ஒரு நடுவழி உண்டு. கோழி அலைய வேண்டாம், கூடு நகரட்டும். இன்றைய உரையின் சாரம் இவ்வளவுதான்.

பஞ்சாரம் என்னும் பழைய பாடம்

இடம் மாறும் கூடு என்றதும் இது ஏதோ வெள்ளைக்காரன் கண்டுபிடிப்பு என்று நினைத்துவிட வேண்டாம். தமிழ்நாட்டுக் கிராமங்களில் பஞ்சாரம் என்று ஒன்று உண்டு. மூங்கிலில் பின்னிய பெரிய கூடை அது. தாய்க் கோழியையும் குஞ்சுகளையும் அதன் அடியில் கவிழ்த்து மூடுவார்கள். காலையில் வாசலில் இருக்கும். வெயில் ஏறினால் வேப்பமர நிழலுக்குப் போகும். காக்கையும் பருந்தும் குஞ்சைத் தொட முடியாது. மலாய்க்காரர்களும் இதேபோல் மூங்கிலில் செய்து, அதைச் செர்காப் என்பார்கள். இடம் மாறும் கூட்டின் ஆதி வடிவம் இதுதான்.

மேல்நாட்டில் இதைப் பெரிய அளவில் செய்து காட்டியவர் அமெரிக்காவின் வெர்ஜீனியா மாநிலத்து விவசாயி ஜோயல் சாலட்டின். 1993ஆம் ஆண்டு அவர் எழுதிய புத்தகத்துக்குப் பிறகு இந்த முறை உலகெங்கும் பரவியது. பத்தடிக்குப் பன்னிரண்டடி பரப்பு, இரண்டடி உயரம் என்று தரையில்லாத கூடு. அதற்குள் எழுபத்தைந்து கறிக்கோழிகள். தினமும் காலையில் கூட்டை அதன் நீளத்துக்கு இழுத்துப் புதுப் புல்லில் வைப்பார்கள். கோழி புல்லையும் பூச்சியையும் தின்னும். அதன் எச்சம் புல்லுக்கே உரமாகும்.

சாலட்டினிடம் மேய்ச்சல் நிலம் இருக்கிறது. தாமானின் மூலை வீட்டில் இருபதடிக்கு இருபதடி கொல்லை இருந்தாலே பெரிது. ஆனால் ஐந்து கோழிக்கு அது போதும். எப்படி என்று கணக்குப் போட்டுப் பார்ப்போம்.

ஏன் நகர வேண்டும்?

வளர்ந்த கோழி ஒன்று ஒரு நாளைக்கு ஏறத்தாழ 100 கிராம் எச்சம் போடும். ஐந்து கோழி என்றால் அரைக் கிலோ. மாதத்துக்குப் பதினைந்து கிலோ! அசையாத கூட்டில் இத்தனையும் ஒரே இடத்தில் விழும். மழைச்சாரல் பட்டால் அது புளித்து அம்மோனியா வாடை கிளம்பும். ஈ முட்டையிடும். தழைச்சத்து மிகுந்த எச்சம் என்பதால் அடியில் உள்ள புல்லும் கருகிப் போகும்.

அதைவிட ஆபத்து நோய். குஞ்சுகளுக்கு வரும் ரத்தக் கழிச்சலை எடுத்துக்கொள்ளுங்கள். அந்தக் கிருமி எச்சத்தோடு வெளியே வந்த உடனே தொற்றாது. ஈரமும் வெப்பமும் உள்ள மண்ணில் ஒன்றிரண்டு நாள் கிடந்து முதிர்ந்த பிறகுதான் தொற்றும். நம் நாட்டில் ஈரத்துக்கும் வெப்பத்துக்கும் குறைவா? அதற்குள் கூட்டை நகர்த்திவிட்டால் கிருமி ஓரிடத்தில் இருக்கும். கோழி வேறிடத்தில் இருக்கும். நோய் அறவே வராது என்று சொல்வதற்கில்லை. குடற்புழுவின் முட்டைகள் மண்ணில் மாதக் கணக்கில் உயிரோடு கிடக்கும். ஆனாலும் தினமும் தன் எச்சத்தையே மிதித்துக் கொத்தும் கோழியைவிட, நகரும் கூட்டின் கோழிக்குத் தொல்லை குறைவு.

கோழியின் சுபாவமும் இதற்குப் பொருந்தும். வீட்டுக்கோழியின் மூதாதை காட்டுக்கோழி. கெடாவின் செம்பனைக் காடுகளில் இன்றும் அதைப் பார்க்கலாம். தாய்லாந்தின் பான் நோன் வாட் என்ற இடத்தில் மூவாயிரம் ஆண்டுகளுக்கு முந்திய வீட்டுக்கோழி எலும்புகள் கிடைத்துள்ளன. நெல்லும் தினையும் விளைந்த இடத்துக்குத் தானியம் பொறுக்க வந்த காட்டுக்கோழியே வீட்டுக்கோழி ஆனது என்று 2022இல் ஆய்வாளர்கள் எழுதினார்கள். கிளறித் தின்பது அதன் பிறவிக்குணம். சிமெண்டுத் தரையில் அடைத்தால் கிளற மண் இல்லாமல் ஒன்றையொன்று கொத்திக்கொள்ளும். தினமும் புது மண் கொடுத்தால் அது தன் வேலையைப் பார்க்கும்.

எட்டுக்கு நான்கு: அளவின் ரகசியம்

இனி கூட்டைக் கட்டுவோம். எட்டடி நீளம், நான்கடி அகலம், நான்கடி உயரம். ஏன் இந்த அளவு தெரியுமா? கடையில் பிளைவூட் பலகை எட்டுக்கு நான்கு அடியில்தான் வரும். வெட்டும்போது சேதாரம் குறைவு. தரைப்பரப்பு 32 சதுர அடி. ஐந்து கோழிக்குத் தலைக்கு ஆறு சதுர அடிக்குமேல் கிடைக்கும். கொல்லை 400 சதுர அடி என்றால் பன்னிரண்டு இடங்களில் மாற்றி மாற்றி வைக்கலாம். முதல் இடத்துக்குத் திரும்பி வர ஏறக்குறைய இரண்டு வாரம் ஆகும். அதற்குள் புல் தலையெடுத்துவிடும்.

சட்டத்துக்கு ஒன்றுக்கு இரண்டு அங்குல மரச்சட்டங்கள் போதும். கனமான மரம் வேண்டாம். வீட்டில் பழைய கட்டில் சட்டமோ கதவு நிலையோ கிடந்தால் அதையே அறுத்துப் பயன்படுத்தலாம். ஆணியைவிடத் திருகாணி நல்லது. தினமும் இழுபடும் கூட்டில் ஆணி மெல்லக் கழன்றுவிடும்.

கூட்டின் ஒரு கோடியில் மூன்றடி நீளத்துக்கு இரவு அறை. அதைத் தரையிலிருந்து ஒன்றரை அடி உயர்த்திக் கட்ட வேண்டும். அடியில் கிடைக்கும் நிழல் மத்தியான வெயிலுக்குக் கோழிகளின் திண்ணை! அறைக்குள் குறுக்கே ஒரு கழி. ஒரு கோழி உட்கார எட்டு முதல் பத்து அங்குலம் வேண்டும். நான்கடிக் கழியில் ஐந்து கோழி தாராளமாக உட்காரும். கழி இரண்டு அங்குலத் தடிமனில், விளிம்பு மழுக்கியதாக இருக்கட்டும். முட்டையிட ஓரடிச் சதுரப் பெட்டி ஒன்று போதும். பெட்டி கழியைவிடத் தாழ்ந்து இருக்க வேண்டும். உயரமாக இருந்தால் கோழி அதிலேயே தூங்கி, முட்டையிடும் இடத்தை எச்சமாக்கிவிடும். பெட்டிக்கு வெளிப்பக்கம் ஒரு சிறு கதவு வைத்தால் வீட்டிலுள்ள பிள்ளைகளே முட்டை எடுத்து வருவார்கள்.

இரவு அறையின் தரைக்குப் பலகை வேண்டாம். கம்பி வலை போடுங்கள். எச்சம் நேராகப் புல்லில் விழும். காலையில் கூடு நகர்ந்ததும் கழுவும் வேலை மிச்சம்.

வலையில் ஏமாந்தால் கோழி இல்லை

கெடாவில் கோழிக்கு எதிரிகள் பலர். மூசாங் என்கிற மரநாய், மலைப்பாம்பு, உடும்பு, எலி, தெருநாய். கடையில் மலிவாகக் கிடைக்கும் அறுகோணக் கம்பி வலை கோழியை உள்ளே வைக்கும். எதிரியை வெளியே வைக்காது. நாய் அதைக் கடித்து இழுத்துவிடும். எலியும் சிறு பாம்பும் நுழைந்துவிடும். அரை அங்குலக் கண்ணுள்ள, பற்றவைத்த கால்வானிஸ் கம்பி வலையே சரி. விலை கூடுதல்தான். ஆனால் ஒரே இரவில் ஐந்து கோழியும் போனால் நஷ்டம் அதைவிடப் பெரிது.

கூட்டின் ஓரத்தில் மண்ணைத் தோண்டி நாய் நுழையலாம். அதனால்தான் இரவில் கோழிகள் தரையில் இருக்கக் கூடாது. பொழுது சாய்ந்ததும் அவை தாமாக அறைக்குள் ஏறிவிடும். அறைக் கதவைச் சாத்தித் தாழ்ப்பாள் போடுவது வீட்டாரின் கடமை. வெறும் கொக்கி போதாது. கொக்கியை மூசாங் முட்டித் திறந்துவிடும்.

கூரை விஷயத்தில் கவனம் வேண்டும். பலர் ஒரு துண்டுத் தகரத்தைப் போட்டு முடித்துவிடுகிறார்கள். கெடாவும் பெர்லிஸும் நாட்டிலேயே வெப்பம் மிகுந்த மாநிலங்கள். 1998 ஏப்ரலில் பெர்லிஸின் சுப்பிங்கில் 40.1 பாகை செல்சியஸ் பதிவானது. கோழிக்கு வியர்வைச் சுரப்பி கிடையாது. வாயைத் திறந்து மூச்சிரைத்துத்தான் சூட்டைத் தணிக்கும். தகரத்தின் அடியில் அது வெந்துவிடும். தகரம் போட்டாலும் மேலே வெள்ளைச் சாயம் பூசுங்கள். அல்லது அத்தாப்புக் கீற்றைப் பரப்புங்கள். கூரைக்கும் சுவருக்கும் இடையில் ஒரு கை அகலம் விட்டு, அதிலும் வலை அடியுங்கள். சூடான காற்று அந்த வழியே வெளியேறும்.

பாட்டியும் தள்ளலாம்

நகர முடியாத நகரும் கூடுகளே அதிகம்! ஆசையாகக் கட்டுவார்கள். தூக்க நான்கு ஆள் வேண்டும். ஒரு வாரம் நகர்த்துவார்கள். பிறகு அது அதே இடத்தில் வேரூன்றிவிடும். இதற்கு மருந்து சக்கரம்.

பழைய சைக்கிளின் சக்கரம், குழந்தை வண்டியின் சக்கரம், எது கிடைத்தாலும் சரி. இரண்டு சக்கரங்களை இரவு அறை உள்ள கோடியில் பொருத்துங்கள். கனம் அங்கேதான் இருக்கிறது. எதிர்க்கோடியில் இரண்டு கைப்பிடிகள், கூட்டைவிட ஓரடி வெளியே நீளட்டும். இது தள்ளுவண்டியின் கணக்கு. கூட்டின் எடை ஐம்பது கிலோ என்று வைத்துக்கொள்ளுங்கள். எடையின் மையம் சக்கரத்திலிருந்து மூன்றடியில் இருக்கிறது. கைப்பிடியோ ஒன்பதடியில். அப்படியானால் கைக்கு வருவது மூன்றில் ஒரு பங்கு, ஏறத்தாழ பதினேழு கிலோ. மீதியைச் சக்கரம் சுமக்கும். திடமான பாட்டி ஒருவரே தள்ளிவிடலாம்.

சக்கரத்தைக் கொஞ்சம் உயர்த்திப் பொருத்த வேண்டும். கைப்பிடியைத் தூக்கினால் சக்கரம் மண்ணைத் தொடவேண்டும். இறக்கினால் சட்டம் தரையோடு தரையாகப் படிய வேண்டும். இடைவெளி இருந்தால் எலிக்கு வாசல் திறந்ததுபோல் ஆகிவிடும்.

நகர்த்தும் நேரம் விடிகாலை, இரவு அறையின் கதவைத் திறப்பதற்கு முன். கோழிகள் மேலே கழியில் இருக்கும்போதே தள்ளிவிட்டால் கால் நசுங்கும் ஆபத்து இல்லை. மழைக்காலத்தில் தாழ்ந்த இடத்தில் வைக்காதீர்கள். காலில் ஈரம் தேங்கினால் நோய்தான். தோட்டத்து ஓரம் குடியிருப்பவர்களுக்கு ஒரு முக்கியமான எச்சரிக்கை. வெளிக்காட்டில் மருந்தடித்த புல்லின்மீது கூட்டை வைக்கவே கூடாது. பாராகுவாட் களைக்கொல்லி 2020 ஜனவரி முதல் நாட்டில் தடைசெய்யப்பட்டுவிட்டது உண்மைதான். அதற்காக மற்ற மருந்துகள் எல்லாம் சர்க்கரைத் தண்ணீர் அல்ல!

கொல்லையில் கீரையும் வெண்டியும் போடுபவர்களுக்கு இந்தக் கூடு உழவுமாடு மாதிரி. அறுவடை முடிந்த பாத்தியில் நிறுத்தினால் களையைத் தின்று, மண்ணைக் கிளறி, உரமும் போட்டுவிடும். ஆனால் பச்சை எச்சம் விழுந்த பாத்தியில் அடுத்த வாரமே கீரை பறித்துத் தின்னக் கூடாது. அமெரிக்க இயற்கை வேளாண்மை விதிப்படி, மண்ணைத் தொடும் காய்கறிக்கு எச்சம் போட்ட நாளிலிருந்து அறுவடைக்கு 120 நாள் இடைவெளி வேண்டும். மண்ணைத் தொடாததற்கு 90 நாள். அந்தப் பாத்தியில் முதலில் மரவள்ளியோ வாழையோ வைப்பது புத்திசாலித்தனம்.

வெள்ளைக் கழிச்சலும் பறவைக் காய்ச்சலும்

கூடு எவ்வளவு நன்றாக இருந்தாலும் வெள்ளைக் கழிச்சல் வந்தால் கொல்லையே காலியாகிவிடும். நியூகாசில் நோய் என்பதும் இதுதான். தமிழ்நாட்டில் ராணிக்கெட் என்பார்கள். இதில் மலேசியாவுக்கு ஒரு பெருமை உண்டு. ஊசி போடக் கம்பத்துக் கோழியைப் பிடிப்பது எவ்வளவு கஷ்டம்! குளிர்பெட்டியில் வைக்காவிட்டால் மருந்தும் கெட்டுவிடும். 1980களில் செர்டாங்கில் இருந்த மலேசிய விவசாயப் பல்கலைக்கழகத்தின் லத்திப் இப்ராஹிம், ஐனி இடெரிஸ் போன்றவர்களும், ஆஸ்திரேலியாவின் குவீன்ஸ்லாந்துப் பல்கலைக்கழகத்தின் பீட்டர் ஸ்பிராட்புரோவும் சேர்ந்து, வெப்பம் தாங்கும் வி4 தடுப்பு மருந்தைத் தீவனத்தில் தடவிக் கொடுக்கும் முறையை ஆராய்ந்தார்கள். கம்பத்து மக்களின் நான்கு கோழிக்காகப் பேராசிரியர்கள் பாடுபட்ட கதை இது. தடுப்பு மருந்து பற்றி இன்று கால்நடைச் சேவைத் துறையிடம் கேட்டறியலாம்.

பறவைக் காய்ச்சலையும் மறக்க வேண்டாம். 2004 ஆகஸ்டில் கிளந்தானில் எச்5என்1 முதன்முதலாகக் காணப்பட்டது கம்பத்துக் கோழிகளில்தான். 2006இல் கோலாலம்பூர் அருகிலும் பேராக், பினாங்கு மாநிலங்களிலும் வந்தது. 2007இல் சிலாங்கூரின் சுங்கை பூலோவில், 2017இல் மீண்டும் கிளந்தானில். அவிழ்த்துவிட்ட கோழி காட்டுப் பறவையோடும் அக்கம்பக்கத்துக் கோழியோடும் கலக்கிறது. வலைக்குள் இருக்கும் கோழிக்கு அந்தக் கலப்பு குறைவு. தீவனத்தையும் தண்ணீரையும் கூரையின் கீழே வையுங்கள். காகமும் புறாவும் வந்து பங்கு கேட்கக் கூடாது. கோழிகள் கூட்டமாகச் செத்தால் ஆற்றில் வீசவோ குழம்பு வைக்கவோ வேண்டாம். உடனே கால்நடைச் சேவைத் துறைக்குத் தெரிவியுங்கள்.

முட்டைக்குச் சேவல் எதற்கு?

தாமானில் பாதிச் சண்டை சேவலால் வருகிறது. பெரட்டுக்கு எழுப்பிய சேவலை இன்று இரவு வேலை முடிந்து தூங்கும் பக்கத்து வீட்டுத் தம்பி சபிக்கிறார். பலருக்குத் தெரியாத உண்மை ஒன்று உண்டு. முட்டையிடக் கோழிக்குச் சேவல் தேவையே இல்லை. குஞ்சு பொரிக்கத்தான் சேவல் வேண்டும். ஐந்து பெட்டைக் கோழிகளை மட்டும் வைத்துக்கொண்டால் முட்டையும் கிடைக்கும், பக்கத்து வீட்டு உறவும் நிலைக்கும். வாரம் நான்கு முட்டை வேலிக்கு மேலே நீட்டிப் பாருங்கள். புகார் எழுதிய கை வாங்கிக்கொள்ளும்!

அனுமதி விஷயத்தில் அசட்டை வேண்டாம். கூடு கட்டுமுன் உங்கள் நகராண்மைக் கழகத்தில் கேட்டறியுங்கள். வீடு முழுக்கச் சிமெண்டு, பின்னால் சந்து மட்டும்தான் என்பவர்களுக்கு இந்த முறை ஒத்துவராது. மண் இல்லாத இடத்தில் நகர்ந்து பயன் இல்லை.

முந்தானை முடிச்சு

கடையில்தான் கோழியும் முட்டையும் கிடைக்கிறதே, இத்தனை பாடு எதற்கு என்று கேட்கலாம். 2022ஐ நினைத்துப் பாருங்கள். மக்காச்சோளமும் சோயாவும் இறக்குமதி. உலகச் சந்தையில் விலை ஏறியதும் கோழித் தீவனத்தின் விலை ஏறியது. ஜூன் முதல் தேதியிலிருந்து மாதம் 36 லட்சம் கோழிகளின் ஏற்றுமதியை அரசாங்கம் நிறுத்தியது. ஜூலையில் கோழியின் உச்சவரம்பு விலை கிலோ 9 வெள்ளி 40 காசு ஆனது. ஆண்டுக் கடைசியில் முட்டைத் தட்டுப்பாடு வந்து, தமிழ்நாட்டு நாமக்கல் முட்டை கப்பலேறி மலேசியாவுக்கு வந்தது! கோழிக்கான உதவித்தொகை 2023 நவம்பரிலும், முட்டைக்கான உதவித்தொகை 2025 ஆகஸ்டிலும் நீக்கப்பட்டன.

ஐந்து கோழி வைத்து யாரும் பணக்காரர் ஆகப் போவதில்லை. நாட்டுக்கோழி பத்துப் பன்னிரண்டு முட்டையிட்டதும் அடைக்கு உட்கார்ந்துவிடும். தவிடும் நொய்யும் தேங்காய்ச் சக்கையும் கொடுத்தாலும் கொஞ்சமாவது நல்ல தீவனம் வாங்கியே ஆக வேண்டும். காசுக் கணக்கு மட்டும் பார்த்தால் மிச்சம் சிறியதுதான்.

ஆனால் தோட்டத்தைவிட்டு வந்த அம்மாவுக்கு அந்தக் கணக்கு வேறு. பிள்ளைகள் தொழிற்சாலைக்குப் போய்விட்டார்கள். பேரப்பிள்ளைகள் பள்ளிக்குப் போய்விட்டார்கள். நாற்பது வருடம் மரம் சீவிய கை, தொலைக்காட்சிக்கு முன்னால் சும்மா கிடக்கிறது. செலவுக்குக் காசு வேண்டுமென்றால் மகனிடம் கேட்க வேண்டும். அந்தக் கைக்கு ஒரு கைப்பிடியைக் கொடுங்கள். காலையில் எட்டடி தூரம் கூட்டைத் தள்ளட்டும். முட்டையை எண்ணட்டும். நான்கு முட்டையைப் பக்கத்து வீட்டுக்குக் கொடுத்துவிட்டு, பத்து முட்டையை விற்று, காசை முந்தானையில் முடியட்டும்.

தோட்டம் திரும்பி வராது. லயமும் திரும்பி வராது. அந்த முடிச்சு திரும்பி வர, எட்டுக்கு நான்கடி மண்ணும் இரண்டு பழைய சக்கரமும் போதும். இந்த வார இறுதியில் மகன்களும் மருமகன்களும் கொஞ்சம் ரம்பத்தை எடுக்கட்டும்.